இறக்கைகளுக்கு நடுவே

நின்றுபோன இயந்திரத்தின் முள் அசைந்தது.

கண் களைத்துவிட்டது என்றுதான் ஷஹானா முதலில் நினைத்தாள். மத்தியானத்திலிருந்து சாரல் விடவில்லை. மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ நின்றுகொண்டிருந்தது. தகரக் கூரையில் விழும் மழையின் ஓசையும், சுவரில் ஊறிய பாசியின் வாடையும், சூடு ஆறிக்கொண்டிருந்த எண்ணெயின் நெடியும் ஒன்றாகக் கலந்து அந்த அறையின் காற்றைக் கனக்கவைத்திருந்தன. பொழுது சாய்வதற்கு முன்பே விளக்கைப் போட்டிருந்தாள். அந்த வெளிச்சத்தில், பேனலின் ஓரத்தில் இருந்த சின்ன வட்டக் கண்ணாடிக்குள், அடியில் படுத்துக் கிடக்க வேண்டிய முள், தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பதுபோல மெல்ல எழுந்து, சற்று நின்று, மறுபடி படுத்தது.

பண்பொழிக்கு மேற்கே மலையடிவாரத்தில், ஓர் ஓடையை நம்பிக் கட்டிய சின்ன மின்நிலையம் அது. வெளியூர் முதலாளி ஒருவருடையது. குற்றாலத்தில் அருவி கொட்டும் மாதங்களில்தான் இங்கேயும் வேலை. மேலே தடுப்பணையில் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர், ஓர் ஆள் குனிந்து நடக்கக்கூடிய இரும்புக் குழாய் வழியே சரிந்து வந்து, நிலையத்தின் தரைக்குக் கீழே இருக்கும் டர்பைனைச் சுற்றிவிட்டு, அதற்கும் அடியில் உள்ள குழியில் இறங்கி வாய்க்காலுக்குப் போய்விடும். சாரல் தண்ணீரை நம்ப முடியாது. காலையில் பெருகும், மாலையில் நூலாகிவிடும். அதனால் அந்த டர்பைனின் இறக்கைகளைத் திருப்பி வைக்கும்படி செய்திருந்தார்கள். பேனலில் ஒரு குமிழைத் திருகினால் எண்ணெய் அழுத்தத்தில் அவை திரும்பும். தண்ணீர் குறைந்தால் ஒன்றோடொன்று நெருங்கி மூடிய கதவுபோலப் படுக்கும். பெருகினால் நிமிர்ந்து, நடுவே ஒல்லியான ஆள் நுழையும் அளவுக்கு வழிவிடும். எவ்வளவு நிமிர்ந்திருக்கின்றன என்பதைக் காட்டுவதுதான் அந்த முள்.

இயந்திரம் அதிர்கிறது என்று மத்தியானமே நிறுத்தியாகிவிட்டது. ஷட்டர் இறக்கப்பட்டு, குழாயில் தண்ணீர் வடிந்து, மேல்பக்கம் காலியாகக் கிடந்தது. அடிக்குழியில் மட்டும் எப்போதும்போல இருட்டுத் தண்ணீர் தேங்கி நின்றது. குமிழை யாரும் தொடவில்லை.

அவள் பாண்டிராஜைக் கூப்பிட்டாள். அவர் அங்கே மெக்கானிக். பண்பொழிக்காரர், நாற்பதைத் தாண்டிய பெரிய உடம்பு, வேலை செய்யும்போது வாய்க்குள்ளேயே ஏதாவது முனகிக்கொண்டிருப்பார். டிப்ளமா முடித்து ஷஹானா இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஷிப்டில் அவர்தான் துணை. தென்காசியிலிருந்து ஒரு பெண் தனியாக இவ்வளவு தூரம் வந்து போகிறாளே என்று கேட்டவர்களிடம், பாண்டி அண்ணாச்சி இருக்கிறார் என்பதையே அவள் உம்மா பதிலாகச் சொல்லிவந்தார்.

அவர் முள்ளைக் கொஞ்சநேரம் பார்த்தார். அது அசையவில்லை.

"அடியில கட்டை ஏதும் மாட்டியிருக்கும் தங்கச்சி. வாய்க்கால் தண்ணி ஏறி எறங்கயில அது றெக்கையப் போட்டு நெம்புது. உள்ள போயிப் பாத்துட்டு வாரேன்."

காலையில் பார்க்கலாமே என்று அவள் சொல்லிப்பார்த்தாள். ராத்திரி தண்ணீர் கூடினால் கட்டை உருண்டு இறக்கையையே ஒடித்துவிடும் என்றார் அவர். அதுவும் உண்மைதான். குழாய்க்குள் போய்விட்டால் பேச்சு கேட்காது, எதிரொலியில் குழம்பிவிடும். ஆகவே அவர்கள் எப்போதும் செய்வதுபோல ஒரு ஏற்பாடு. உள்ளிருந்து இரும்பில் ஒருமுறை தட்டினால் அவள் இறக்கைகளைக் கொஞ்சம் திறக்க வேண்டும். இரண்டுமுறை தட்டினால் மூட வேண்டும்.

தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்த போனைப் பேனல்மேல் வைத்துவிட்டு, இரும்புப் படியில் அவர் இறங்கினார். குழாய்க்குள் ஆள் நுழையும் மேன்ஹோலின் போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழலும் சத்தம் கேட்டது. மூடி தரையில் உரசியது. பிறகு அவருடைய முனகல் குழாய்க்குள் நுழைந்து, நீண்டு, தடித்து, வேறு யாருடைய குரலோ என்பதுபோல மேலே வந்தது. கொஞ்சநேரத்தில் அது நின்றுவிட்டது. இருமினால் நிற்பதுபோல அல்ல. பாதிச் சொல்லில்.

டங்.

ஷஹானா குமிழைக் கொஞ்சம் திருப்பினாள். எண்ணெய் பம்பு ஒருமுறை உறுமி அடங்கியது. முள் சற்று ஏறியது.

டங்.

இன்னும் கொஞ்சம். அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே உள்ளங்காலில் பட்டதை அவள் உணர்ந்தாள். மேன்ஹோல் இருப்பது படியின் வலப்பக்கம். தட்டு வந்ததோ அவள் நாற்காலிக்கு நேர் கீழேயிருந்து, ஆழத்திலிருந்து. இரும்பில் சத்தம் எங்கே பிறக்கிறது என்று யார் சொல்ல முடியும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

டங். இரண்டாவது தட்டும் உடனே வருமா, மூடச் சொல்கிறாரா என்று காத்திருந்தாள். வரவில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். திற. திற. இன்னும் திற. முள் ஏறி ஏறி, கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. அதற்குப் பிறகு தட்டு இல்லை. மழை மட்டும். பிறகு, ஈரச் சாக்கை இரும்பின்மேல் இழுப்பதுபோல ஒரு சத்தம், விட்டுவிட்டு, கீழேயிருந்து மேலாக.

அவள் படியருகே போய்க் குனிந்து, "அண்ணாச்சி?" என்றாள்.

மூடி உரசியது. போல்ட்டுகள் முடுக்கப்பட்டன. வேகமாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு வாங்கும் நேரம்கூட இல்லாமல்.

பாண்டிராஜ் மேலே வந்தார்.

தலையில் டார்ச் இல்லை. உச்சியிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். குழாய்க்குள் போனவர் நனைவது புதிதல்ல. ஆனால் அவர் வந்து நின்ற பிறகும் தண்ணீர் வடிவது குறையவில்லை. சட்டையின் ஓரங்களிலிருந்து, கைவிரல் நுனிகளிலிருந்து, காது மடல்களிலிருந்து அது சீராக ஒழுகிக்கொண்டே இருந்தது. பேனலின் கால்களைச் சுற்றி ஒரு குளம் கட்டி, அது அவள் செருப்பைத் தொட்டது. சில்லென்றிருந்தது. குளத்தின் அடிச்சேற்றைக் கிளறினால் வரும் வாடை.

"கட்டையா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

அவர் அவள் வாயைப் பார்த்தார். அது அசைவது எப்படி என்று கவனிக்கிறவர்போல.

"கட்டை," என்றார். பிறகு, "முடிஞ்சுது ஷஹானா."

இத்தனை வருடத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பேனல்மேல் இருந்த போனை எடுத்தார். அதைப் பிடித்த விரல்களை அவள் பார்த்தாள். வெளிறி, தோல் உப்பி, சுருக்கம் விழுந்திருந்தன. சற்றுமுன் உள்ளே போனவருடைய விரல்களா அவை? பல நாள் தண்ணீரில் கிடந்ததுபோல இருந்தன. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசினார். அவளுக்குக் கேட்கவில்லை. பேசி முடித்து, அவளைக் கடந்து, வாசலுக்கு நடந்தார்.

"வீட்டுக்குப் போறேன்," என்றார்.

ஷிப்டு முடிய இன்னும் நேரமிருந்தது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. போகட்டும் என்றிருந்தது. வெளியே பைக் கிளம்பும் சத்தம் கேட்டு, அது மழைக்குள் தேய்ந்து மறையும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். காய்ச்சலாக இருக்கும். குளிரில் விறைத்துப்போயிருப்பார். கூடவே நின்று ஒரு டீ போட்டுக் கொடுத்திருக்கலாம். துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தாள்.

டங் டங் டங் டங்.

துடைப்பம் கையிலிருந்து விழுந்தது.

டங் டங் டங். ஏற்பாடு எதுவும் இல்லாத தட்டு. கணக்கு இல்லாத தட்டு. இந்தமுறை சத்தம் படியின் வலப்பக்கத்திலிருந்துதான் வந்தது. மேன்ஹோல் மூடியிலிருந்து. அதோடு ஒரு குரல், இரும்புக்குள் அடைபட்டு, தேய்ந்து.

"தங்கச்சி..."

அப்போது அவளுடைய போன் அடித்தது. மேலே தடுப்பணையில் காவலிருக்கும் ஒலி முகம்மது. அருவிக்குப் பக்கத்தில் கேட்பதுபோல அவர் பேச்சுக்குப் பின்னால் தண்ணீர் இரைந்தது.

"ஷட்டரத் தூக்கிட்டேம்மா. முழுசாத் தூக்கிட்டேன்."

யார் தூக்கச் சொன்னது என்று கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

"பாண்டி அண்ணாச்சிதான் இப்பப் பேசினாவ. ஏம்மா, ஓட்டலியா?"

இறக்குங்கள், உடனே இறக்குங்கள் என்று அவள் கத்தினாள். இறக்கலாம். ஆனால் குழாய்க்குள் ஏறிவிட்ட தண்ணீர் திரும்பிப் போகாது. அது இப்போது மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே யார் இருந்தாலும். எது இருந்தாலும்.

"தங்கச்சி... தெறம்மா..."

அது பாண்டி அண்ணாச்சியின் குரல். சற்றுமுன் வாசலைத் தாண்டிப் போனவருடைய குரலும் அதேதான். எதை நம்புவது? மூடியைத் திறக்காமல் விட்டால் ஒரு மனிதர் சாவார். திறந்தால் என்ன வெளியே வரும் என்று தெரியாது. யா அல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னபோதே கால்கள் படியில் இறங்கத் தொடங்கிவிட்டன.

கீழே மேன்ஹோலுக்குச் சற்று முன்பாக, தண்ணீர் வரும் பக்கத்தில், குழாயைக் கையால் மூடும் வால்வு ஒன்று உண்டு. பஸ் ஸ்டியரிங் அளவுக்கு ஒரு சக்கரம். இரண்டு ஆண்கள் சேர்ந்து சுற்றுவது வழக்கம். அவள் தனியாகத் தொங்கினாள். துருப்பிடித்த இரும்பு உள்ளங்கையைக் கிழித்தது. ஒரு சுற்று. அருகிலேயே மூடி அதிர்ந்தது, டங், டங். இன்னொரு சுற்று. தரை நடுங்கத் தொடங்கியது. குழாய் முழுவதும் ஒரு முனகல் இறங்கி வந்தது. இன்னும். இன்னும். சக்கரம் முட்டி நின்ற கணத்தில் தண்ணீர் வந்து மோதியது. இடி மாதிரி. மேற்கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்தது. வால்வின் விளிம்பில் நூல்நூலாகப் பீச்சியடித்தது. ஆனால் நின்றது.

ஸ்பானரை எடுத்துப் போல்ட்டுகளைக் கழற்றினாள். மூடி விலகியதும் ஒரு கை வெளியே வந்தது. அவள் பின்வாங்கினாள். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள். கறுத்த கை. கிரீஸ் படிந்த நகம். சூடு இருந்தது. பிடித்து இழுத்தாள்.

பாண்டிராஜ் தரையில் விழுந்து கிடந்தார். நெற்றியில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. முகத்தின்மேல் ஏதோ ஊர்வதுபோல இரண்டு கையாலும் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டார்.

"நான் தட்டலம்மா. ஒரு தட்டுகூட நான் தட்டல."

அவளுக்குப் புரிந்தது. தட்டு அடிக்குழியிலிருந்து வந்திருக்கிறது. இறக்கைகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அவள் ஒவ்வொரு தட்டுக்கும் வழியை அகலப்படுத்திக் கொடுத்திருக்கிறாள்.

"றெக்கை தானா தெறக்குதேன்னு பாத்துட்டு நிக்கேன். நடுவுல ஒரு கை வந்துச்சு. பெறவு மத்ததெல்லாம். வாயப் பொத்திட்டு, எம் மூஞ்சியத் தடவித் தடவிப் பாத்துச்சு தங்கச்சி. கண்ணு எங்கன, மூக்கு எங்கனன்னு அளவெடுக்க மாரி. மொதல்ல அதுக்கு மூஞ்சி இல்ல."

அவர் அண்ணாந்து பார்த்தார்.

"இப்ப அது எங்க? மேல இருக்கா?"

"நீங்க வீட்டுக்குப் போயிட்டிய அண்ணாச்சி," என்றாள் ஷஹானா.

அவர் எழுந்து படியில் ஓடினார். அவளும் மேலே வந்து, முதல் வேலையாகக் குமிழை முழுவதும் மூடும் பக்கம் திருப்பினாள். பம்பு உறுமியது. முள் இறங்கி, பாதியில் நின்றது. பம்பு திணறியது. இறக்கைகளுக்கு நடுவே ஏதோ இருந்தது. அது மெதுவாக, அவசரமில்லாமல், முள்ளை மறுபடி மேலே தள்ளியது.

இருவரும் வெளியே ஓடினார்கள்.

அவருடைய போன் அதனிடம் இருந்தது. ஷஹானாவின் போனில் அவர் மனைவி ஆனந்தவள்ளியின் எண்ணைப் போட்டார். இரண்டுமுறை எண் தவறியது. ஸ்பீக்கரில் அவள் குரல் சாதாரணமாக, அடுப்படியிலிருந்து பேசுகிற குரலாக வந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வா, முன்கதவைத் திறக்காதே, நான் பாண்டிராஜ் பேசுகிறேன் என்று அவர் ஒரே மூச்சில் சொன்னார்.

"யாரு பேசுதது? அவுக இங்கனதான் இருக்காவ. இப்பதான் நனைஞ்சு வந்தாவ. சின்னவ தலை தொவட்டிட்டு இருக்கா."

ஏட்டி, நான்தான்டி என்று அவர் சொன்னார். குரல் உடைந்து, அவருடையதாகவே இல்லை. வேறு யாரோ குடித்துவிட்டு விளையாடுகிறார்கள் என்று நினைத்திருப்பாள். இணைப்பைத் துண்டித்தாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஷஹானாவின் ஸ்கூட்டரில் போனார்கள். அவர்தான் ஓட்டினார். சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. வழிநெடுகத் தென்னந்தோப்புகள் கறுத்து நின்றன. திருமலைக் கோயிலின் விளக்கு மேகத்துக்குள் ஒரு கறையாகத் தெரிந்து மறைந்தது. பண்பொழிக்குள் நுழைந்தபோது டீக்கடையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையைத் தூக்கி, என்ன பாண்டி, இப்பதானே இந்தப் பக்கம் போனே என்று கேட்டார். நிற்கவில்லை.

அவருடைய வீடு தெருவின் கடைசியில். வாசலில் பைக் நின்றது. கதவு திறந்திருந்தது. படியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மழைத் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே போகும். இது உள்ளேயிருந்து வந்தது.

நடுவீட்டில் விளக்கு எரிந்தது. நாற்காலியில் அது உட்கார்ந்திருந்தது. அவருடைய முகத்தோடு. பக்கத்தில் ஆனந்தவள்ளி நின்றாள். பெரிய மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். சின்னவள் கையில் துண்டு. எல்லோரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனந்தவள்ளியின் முந்தானையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. பெரியவளின் பின்னலிலிருந்து ஒழுகியது. சின்னவளின் பள்ளிக்கூடச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. யாரும் நடுங்கவில்லை.

ஆனந்தவள்ளி பாண்டிராஜைப் பார்த்தாள். வாயைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"யாரு வேணும்?"

ஷஹானா அவர் கையைப் பிடித்தாள். போகவேண்டாம் அண்ணாச்சி, அது அவங்க இல்லை என்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அழுதுகொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்திருந்தது.

"எம்பிள்ளைய உள்ள இருக்கே தங்கச்சி," என்றார்.

கையை விடுவித்துக்கொண்டு, ஈரப் படியில் ஏறி, உள்ளே போனார். நாற்காலியில் இருந்தது எழுந்து அவருக்கு இடம் விட்டது. அவர் உட்கார்ந்தார். நான்கு பேரும் அவரைச் சுற்றி நெருங்கி வந்து நின்றார்கள். அவருடைய முதுகு மறைந்தது. தலை மறைந்தது. ஒரு சத்தமும் இல்லை.

கொஞ்சநேரம் கழித்து அந்தக் கூட்டத்திலிருந்து சின்னவள் மட்டும் வெளியே வந்தாள். வாசற்படியில் நின்று, கையிலிருந்த துண்டைப் பிழிந்தாள். தண்ணீர் கொட்டியது. மறுபடி முறுக்கினாள். கொட்டியது. தெருவில் நின்ற ஷஹானாவின் வாயைப் பார்த்தபடியே, உப்பி வெளிறிய சின்ன விரல்களால் அவள் துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் நிற்கவில்லை.